பழைய டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு: வண்டி வந்தால் போதாது, பெயரும் மாற வேண்டும்

மழை பெய்து நிலம் பதமாக இருக்கும் நாலைந்து நாட்களுக்குள் உழவை முடித்தாக வேண்டும். அந்த நாட்களில்தான் வாடகை டிராக்டர் கிடைப்பதில்லை. இப்படிக் காத்திருந்து பட்டத்தைத் தவறவிட்ட சிறு விவசாயிகள், கையில் உள்ள பணத்துக்கு ஒரு பழைய டிராக்டரையாவது வாங்கிவிட நினைப்பது இயல்பு. என்ஜின் சத்தம், டயர், ஹைட்ராலிக், கியர் எல்லாவற்றையும் மெக்கானிக்கை வைத்துப் பார்த்தே வாங்குகிறார்கள். ஆனால் காகிதங்களைப் பார்ப்பதில் பலரும் அந்த அக்கறை காட்டுவதில்லை. பணத்தைக் கொடுத்து, சாவியை வாங்கி, வண்டியைக் களத்தில் கொண்டுவந்து நிறுத்தியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

நிலம் வாங்கினால் பத்திரம் பதிந்து பட்டா மாறுதலும் செய்கிறோம். டிராக்டருக்கும் அதே போன்ற முறை உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவுப் புத்தகத்தில் (ஆர்.சி.) யார் பெயர் உள்ளதோ அவரே வண்டியின் உரிமையாளர். யார் பணம் கொடுத்தார், யார் களத்தில் வண்டி நிற்கிறது என்பதெல்லாம் பிறகுதான்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கே சான்று. ஒருவர் தம் காரை 2007-இல் விற்றுவிட்டார். அது அடுத்தடுத்துப் பல கைகள் மாறியது. புத்தகத்தில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-இல் அந்தக் கார் மோதி உயிரிழப்பு ஏற்பட்டது. புத்தகத்தில் பெயர் உள்ளவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவரையே சேரும் என்று நீதிமன்றம் கூறியது. விற்று இரண்டு வருடம் ஆகியும் பழி அவரை விடவில்லை. காருக்குச் சொன்னது டிராக்டருக்கும் பொருந்தும். ஆகவே பெயர் மாற்றம் வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் பாதுகாப்பு.

பணம் கொடுக்கும் முன்

முதலில் அசல் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் வெட்டியிருக்கும் எண்களும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒத்திருக்க வேண்டும். மண்ணும் கிரீஸும் மூடியிருந்தால் துடைத்துவிட்டு, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளலாம். எண் சுரண்டப்பட்டோ மறுபடி வெட்டப்பட்டோ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்த வண்டி வேண்டாம். வேறு என்ஜின் மாற்றியிருந்தால் அதன் எண் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்து, புத்தகத்தின் ஆயுள். சொந்த விவசாய உபயோகத்துக்கான டிராக்டருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதினாறு, பதினேழு வருட வண்டியைப் புதுப்பிக்காமலே விற்பவர்கள் உண்டு. அந்தச் செலவு யாருடையது என்பதை விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கடன். வங்கியிலோ பைனான்ஸிலோ கடன் வாங்கிய வண்டியானால் புத்தகத்தில் அடமானப் பதிவு இருக்கும். கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. கடனைக் கட்டிவிட்டேன் என்று விற்பவர் சொன்னால் மட்டும் போதாது. கடன் தீர்ந்ததற்கான கடிதமும், கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கையில் வர வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கிய வண்டியைப் பைனான்ஸ்காரர்கள் வந்து தூக்கிச் சென்றால், கொடுத்த பணத்துக்கு விற்றவர் பின்னால் அலைய வேண்டியதுதான். அரசு மானியத்தில் வாங்கிய வண்டி என்று தெரிந்தால், விற்பதற்குத் தடை ஏதும் உள்ளதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காவது, பெயர். விற்பவர் ஒருவர், புத்தகத்தில் இருப்பது அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் பெயர் என்பது கிராமங்களில் சாதாரணமாகக் காணப்படுவது. இங்கே நேரடியாகப் பெயர் மாற்ற வழியில்லை. முதலில் வாரிசு, படிவம் 31-இல் விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். அண்ணன் தம்பிகள், சகோதரிகளுக்கு ஆட்சேபணை இல்லை என்பதும் தெரிய வேண்டும். அது முடிந்த பிறகு கிரயம் பேசுவதே முறை.

டிரெய்லரையும் மறக்கக் கூடாது. கலப்பை, ரோட்டவேட்டருக்குப் பதிவு கிடையாது. டிரெய்லருக்குத் தனி எண், தனிப் புத்தகம் உண்டு. டிராக்டரோடு சேர்த்து வாங்கினால் இரண்டு புத்தகம், இரண்டு பெயர் மாற்றம்.

பரிவாகன் இணையதளத்திலும் எம்-பரிவாகன் செயலியிலும் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு, இன்சூரன்ஸ் விவரங்கள் தெரியவரும். படிக்கும் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். புத்தகத்தில் உள்ளதும் அங்கே காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம்

பெயர் மாற்றத்துக்கு முக்கியமானவை படிவம் 29, படிவம் 30 ஆகிய இரண்டும். விற்றுவிட்டேன் என்று விற்பவர் தெரிவிப்பது 29. பெயர் மாற்றக் கோரி, இருவரும் கையெழுத்திட்டுக் கொடுப்பது 30. வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாமல், இந்தப் படிவங்களில் வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைக் கைமாற்றிவிடும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். நடுவில் வண்டி எங்கே ஓடுகிறது, என்ன ஏற்றுகிறது என்பது யாருக்கும் தெரியாது. பிறகு வழக்கு வரும்போது நோட்டீஸ் பழைய முகவரிக்குத்தான் வரும்.

ஆகவே பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. கிரயத் தொகை, வண்டி எண், ஒப்படைத்த தேதி மட்டுமின்றி நேரத்தையும் எழுதி, இரண்டு சாட்சிகளோடு ரசீது எழுதிக்கொள்ள வேண்டும். காலை பத்து மணிக்கு விற்ற வண்டி மாலையில் விபத்துக்குள்ளானால் அந்த நேரம் கேள்வியாக வரும்.

பழைய வண்டி வியாபாரிகளுக்கென 2023 ஏப்ரல் 1 முதல் தனி விதிகள் அமலில் உள்ளன. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்தால், அதைப் படிவம் 29சி மூலம் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வியாபாரியிடம் அங்கீகாரச் சான்று உள்ளதா என்று கேட்பதில் தவறில்லை.

ஓட்டி வரும் நாளில்

கிரயம் முடிந்த உற்சாகத்தில் வண்டியை அப்படியே ஓட்டி வந்துவிடுவது வழக்கம். சாலையில் இறக்கும் முன் மூன்று காரியங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, பதிவு உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு, அன்றைய தேதிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். மூன்று, ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். இலகு ரக மோட்டார் வாகன லைசென்ஸ் டிராக்டருக்குச் செல்லும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது சட்டம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுபவருக்கு 5,000 ரூபாய். அவரை ஓட்டவிட்ட உரிமையாளருக்கும் 5,000 ரூபாய். இவற்றைக் கட்டிவிடலாம். விபத்து நேர்ந்து, இன்சூரன்ஸும் இல்லையென்றால் நஷ்டஈடு லட்சக்கணக்கில் வரும். அதைக் கட்ட நிலத்தைத்தான் விற்க வேண்டியிருக்கும். பாலிசி காலாவதியாகியிருந்தால், புதிது எடுத்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும்; அல்லது லாரியில் ஏற்றி வர வேண்டும்.

பகலிலேயே புறப்படுவது நலம். பின் விளக்கும் சிவப்பு ஒளிப் பட்டையும் இல்லாத டிரெய்லர் இரவில் பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியாது. துணைக்கு வந்தவர்களை மட்கார்டிலும் டிரெய்லரிலும் ஏற்றி வரக் கூடாது. டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை உண்டு.

பதினான்கு நாளும் முப்பது நாளும்

விற்பவர் 14 நாட்களுக்குள் விற்பனையைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் தம் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவங்களோடு அசல் பதிவுப் புத்தகம், நடப்பு இன்சூரன்ஸ், முகவரிச் சான்று, கட்டணம் ஆகியவை வேண்டும். பரிவாகன் தளத்திலேயே விண்ணப்பம் பதிந்து கட்டணமும் செலுத்தலாம். அந்த ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால், புரோக்கர் சொல்லும் தொகையை நம்பாமல் தளத்திலோ அலுவலகத்திலோ பார்த்துக் கட்டுவது நல்லது. வண்டி முதலில் பதிவானது வேறு அலுவலகத்தில் என்றால், அங்கிருந்து தடையின்மைச் சான்று தேவையா என்பதையும் முதல் நாளே விசாரித்தால் வீண் அலைச்சல் மிச்சம்.

வெளி மாநில வண்டிக்கு வேலை கூடுதல். பழைய பதிவு அலுவலகத்தில் படிவம் 28-இல் விண்ணப்பித்துத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் இம்மாநிலப் பதிவெண் வாங்கியாக வேண்டும். விலை மலிவு என்று எல்லை தாண்டிப் போகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பாலிசியிலும் பெயர் மாற வேண்டும்

புத்தகத்தில் பெயர் மாறினால் மட்டும் போதாது. வாங்கிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் பாலிசியில் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பாதுகாப்பு வண்டியோடு சேர்ந்தே வந்துவிடும். ஆனால் வண்டிக்கே ஏற்படும் சேதம், தீ, திருட்டு ஆகியவற்றுக்கு அப்படியல்ல. பாலிசி பழையவர் பெயரிலேயே இருக்க, வண்டி திருட்டுப் போனால் வாங்கியவருக்குப் பாலிசி இல்லை. விற்றவருக்கு வண்டி இல்லை. பணம் இருவருக்கும் கிடைக்காது. விவசாய உபயோகம் என்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு செங்கலும் மணலும் வாடகைக்கு ஏற்றினாலும், விபத்தின்போது கம்பெனி கையை விரிக்க இடமாகும்.

விற்கும் விவசாயியும் பணம் வந்ததோடு இருந்துவிடாமல், புத்தகத்தில் பெயர் மாறிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்துச் சரிபார்க்க வேண்டும். கிரயப் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பெயர் மாறிய அன்று வாங்கிக்கொள்வதாக இருவரும் பேசிக்கொண்டால், இரு தரப்பும் சோம்பலின்றி அலுவலகம் போவார்கள். அறிமுகமானவர்தானே, உறவுக்காரர்தானே என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. உறவு கெடாமல் இருக்கவும் காகிதம் சரியாக இருப்பதே நல்லது. வண்டியை முதல் உழவுக்கு இறக்குவதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால், பிறகு விவசாயி நிம்மதியாக உழவைப் பார்க்கலாம்.