டிஸ்க்கை மாற்றினால் மட்டும் போதுமா?

எங்கள் பள்ளியின் ஹைடெக் ஆய்வகப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அங்குள்ள சர்வரில் ஒரே கல்வியாண்டில் மூன்று முறை ஹார்டு டிஸ்க் பழுதானது. ஒவ்வொரு முறையும் புது டிஸ்க் பொருத்திவிட்டுப் போனார்கள். ஒரு டிஸ்க் கெட்டால் அது அந்த டிஸ்க்கின் குறையாக இருக்கலாம். ஒரே பெட்டிக்குள் அடுத்தடுத்துக் கெட்டால் பெட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. 'ஸ்மார்ட்' எனப்படும் இந்தப் பதிவை இலவச மென்பொருளிலேயே பார்க்கலாம். அதில் 5ஆம் எண் வரிசை, கெட்டுப்போன பகுதிகளுக்குப் பதிலாக உபரிப் பகுதிகள் எடுத்துக்கொள்ளப்பட்ட கணக்கு. இது ஏறிக்கொண்டே போனால் தட்டின் பரப்பு கெடுகிறது என்று பொருள். 199ஆம் எண், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு போய்வரும்போது ஏற்படும் பிழைகளின் கணக்கு. இது மட்டும் ஏறினால் புது டிஸ்க் வாங்குவது வீண் செலவு. கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆனால் ஸ்மார்ட்டை மட்டும் நம்பவும் கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

எங்கள் சர்வரில் கேபிள் சரியாகவே இருந்தது. டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் சுழல்கிறது, 11.4க்கும் 12.6க்கும் இடையே இருப்பதே சரியான அளவு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது, சர்வர் சும்மா இருக்கையில் 11.8 காட்டியது. மாணவர்கள் எல்லாக் கணினிகளிலும் உட்கார்ந்ததும் 11.1க்கு இறங்கியது. எஸ்எம்பிஎஸ் தளர்ந்துவிட்டது. போதாததற்கு யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்திருந்ததால், கரண்ட் போனவுடன் சர்வரும் அணைந்தது. இப்படித் திடீரென அணைவது எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குக் கெடுதல். (எங்கள் ஊரில் கரண்ட் போவது பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்!)

புகார் கொடுக்கும்போது "சர்வர் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் மறுபடியும் டிஸ்க்தான் வரும். டிஸ்க்கின் வரிசை எண், மாற்றிய தேதி, 5, 199 எண்களின் அளவு, 12 வோல்ட் அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி அதன் நகலை இணைத்தேன். எஸ்எம்பிஎஸ்ஸையும் பேட்டரியையும் மாற்றித் தந்தார்கள்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவலை எழுதும் ரெய்டு இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டுக்கும் மின்சாரம் தருவது ஒரே எஸ்எம்பிஎஸ். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களின் செயல்திட்டங்களையும் நாம் தயாரித்த வினாத்தாள்களையும் வெள்ளிதோறும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, கழற்றித் தலைமையாசிரியர் அறை பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.