கண்ணுக்குத் தெரியாத ஒளியில் ஒரு கண் பரிசோதனை

கைப்பேசி டார்ச்சைப் போட்டு விரல் நுனியை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். விரல் செக்கச்செவேல் என்று தெரியும். டார்ச் தருவது வெள்ளை வெளிச்சம்தான். அதிலுள்ள நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. சிவப்பையும் தாண்டிய அண்மை அகச்சிவப்பு, அதாவது 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளி, சதைக்குள் இன்னும் சுலபமாகப் புகும். நம் கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அந்த ஒளியில் மினுங்கும் பொருள் ஒன்றை ரத்தத்தில் கலந்துவிட்டால், உள்ளே ஓடும் நாளங்களைக் கத்தி வைக்காமலே படம் பிடிக்கலாம்.

இந்த வித்தை மதுரைக்குப் புதிதல்ல. சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கும் ஆரோலேப், கண்ணில் வைக்கும் லென்ஸை மலிவாகத் தயாரிப்பதில் பேர்போனது. அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் தொடங்கிய இந்த நிறுவனம், ‘ஆரோகிரீன்’ என்ற பெயரில் அப்படி மினுங்கும் இண்டோசயனின் கிரீன் சாயத்தையும் தருகிறது. ஒரு குப்பியில் 25 மில்லிகிராம் கரும்பச்சைப் பொடி. பார்வைக்கு அற்பமாக இருந்தாலும் கையாளுவதில் கறார் அதிகம். ஊசிக்கான சுத்த நீரில்தான் கரைக்க வேண்டும். உப்புக் கரைசலில் போட்டால் திரளத் தொடங்கும். கரைத்ததை மறுநாளைக்கு எடுத்துவைக்கவும் முடியாது. சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும்.

போட்டோ பிலிம் விற்ற கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1950-களில் பிறந்த சாயம் இது. இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது, கல்லீரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அளக்கத்தான் முதலில் பயன்பட்டது. கண் பரிசோதனைக்கு அது வந்தது பிறகுதான்.

கண் மருத்துவமனையில் சாதாரணமாக ‘ஆஞ்சியோ’ என்றால் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயம். நீல ஒளி பட்டதும் பச்சையாக ஒளிர்ந்து, சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் எங்கே கசிகிறது என்று காட்டிக்கொடுக்கும். ஆனால் விழித்திரைக்கு அடியில் கோராய்டு என்றொரு ரத்தநாளப் படலம் இருக்கிறது. அங்கே ஃபுளோரசின் எடுபடாது. நடுவிலுள்ள நிறமி அடுக்கு ஒளியை மறைக்கும். போதாக்குறைக்குச் சாயமே நுண்நாளங்களிலிருந்து ஒழுகி, படம் மங்கிவிடும். இண்டோசயனின் பச்சைச் சாயம் இரண்டையும் சமாளிக்கிறது. அதன் அகச்சிவப்பு ஒளி நிறமியைக் கடந்துவிடும். சாயத்தில் சுமார் 98 சதவீதம் ரத்தப் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நாளத்தை விட்டு எளிதில் வெளியேறாது. கோராய்டு நாளங்களில் மொட்டுபோலப் புடைத்து, கசிந்து பார்வையைக் கெடுக்கும் பாலிபாய்டல் வாஸ்குலோபதி என்ற நோய் ஆசியர்களிடம் அதிகம். ஊசி போட்ட முதல் 6 நிமிடத்துக்குள் அந்த மொட்டுகள் கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். லேசரை எந்த இடத்தில் வைப்பது என்று மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்.

இதே சாயத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றுகிறது. அதனால் பித்தப்பை அறுவைச் சிகிச்சையில் பித்தநாளம் தனியாக ஒளிர்ந்து, தவறான குழாயை வெட்டிவிடாமல் காக்கிறது. குடலை வெட்டி ஒட்டும்போது ரத்த ஓட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

இப்போது ஆய்வகங்களில் கார்பன் நானோகுழாய், குவாண்டம் புள்ளி, அருமண் துகள் என்று புதுப் பொருட்கள் வரிசைகட்டுகின்றன. 1,000 முதல் 1,700 நானோமீட்டரில் ஒளிரும் இவை, ஒளிச்சிதறல் குறைவதால் எலிகளில் அபாரமான படம் தருகின்றன. ‘புரட்சி’ என்று செய்தி போடுகிறவர்கள் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள்: வேலை முடிந்தபின் துகள் எங்கே போகும்? பல துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகின்றன. சில குவாண்டம் புள்ளிகளில் காட்மியமோ ஈயமோ உண்டு. பழைய பச்சைச் சாயமோ மூன்று நான்கு நிமிடத்தில் ரத்தத்திலிருந்து பாதி காலி. 2021-இல் அமெரிக்கா அனுமதித்த பாஃபோலாசியானின், கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றை ஒளிரவைக்கிறது. அதுவும் சயனின் குடும்பத்துச் சாயமே, நானோத் துகள் அல்ல.

பச்சைச் சாயத்தில் அயோடின் சேர்ந்திருக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தால், அயோடின் ஒவ்வாமை, கல்லீரல் கோளாறு, கர்ப்பம் எது இருந்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மஞ்சள் சாயம் போட்டவர்களுக்குத் தோலும் சிறுநீரும் ஓரிரு நாள் வரை மஞ்சளாகலாம். அதைக் காமாலை என்று பயப்பட வேண்டாம்.