வெள்ளத்தில் வந்த படகுகள்: துயரத்தின் நடுவே எதிர்நோக்கு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



துக்க வீட்டிற்குப் போகும்போதெல்லாம் அருள்பணியாளர்களாகிய எங்களை ஒரு கேள்வி வாசலிலேயே எதிர்கொள்கிறது. 'ஏன் சாமி?' என்ற கேள்விதான் அது. குருமடத்தில் மெய்யியலும் இறையியலுமாகப் பல ஆண்டுகள் படித்திருக்கிறோம். துன்பத்தைப் பற்றித் தேர்வும் எழுதியிருக்கிறோம். ஆனாலும் அந்த வாசலில் நிற்கும்போது வாய் எழுவதில்லை.

2017 டிசம்பரில் எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. நவம்பர் 30, திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். அவரும் ஒரு மீனவர். அன்றுதான் ஒக்கிப் புயல் குமரிக்கடலைப் புரட்டிப் போட்டது. எச்சரிக்கை கரைக்கு வந்து சேரும் முன்பே பலர் கடலுக்குப் போயிருந்தார்கள். பல நாள் தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடல் படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளக் கடற்கரையிலுமாக 200க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

என்னோடு குருமடத்தில் படித்த நண்பர் அப்போது திருவனந்தபுரம் கடற்கரையில் ஓர் ஊரில் பங்குப்பணியாளராக இருந்தார். அவரோடு வீடு வீடாகத் துக்கம் விசாரிக்கப் போனேன். ஒரு வீட்டில் மூத்த மகன் திரும்பவில்லை. தாய் திண்ணையில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "எம் பிள்ள என்ன பாவம் செஞ்சான் சாமி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. செபமாலை சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பும் வழியெல்லாம், ஒரு குருவாக நான் தோற்றுவிட்டேன் என்ற எண்ணமே மனதில் இருந்தது.

அந்தத் தாயின் கேள்வி புதியது அல்ல. லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இதே கேள்வி ஆண்டவரிடமும் வருகிறது. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப் போனார்கள். அன்றைக்கும் மக்கள் இன்றைக்குப் பேசுவது போலவே பேசியிருப்பார்கள்: ஏதோ பாவம் செய்திருக்கிறார்கள், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று. இயேசு அதை வெட்டி மறுத்துவிட்டார். இறந்தவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். அதற்கு மேல் ஒன்று கவனியுங்கள்: கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவே இல்லை. உயிரோடு இருப்பவர்களைப் பார்த்து, நீங்கள் மனம் மாறுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஆண்டவரே விளக்காத ஒன்றை நாம் விளக்கப் புறப்படுவது சரியில்லை. துக்க வீட்டில், "எல்லாம் கடவுள் சித்தம்", "கடவுளுக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்" என்றெல்லாம் நாம் நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் கேட்கிறவரின் காதில், பிள்ளையைப் பறித்தவர் கடவுளே என்றுதான் அது விழுகிறது.

அப்படியானால் துயரத்தின் நடுவே திருச்சபை நமக்குத் தருவது என்ன? எதிர்நோக்கு. இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்றாடப் பேச்சில் எல்லாவற்றையும் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதும்போது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார். நம்பிக்கை என்பது கடவுளைப் பற்றிக்கொள்வது. எதிர்நோக்கு என்பது, அவர் நம்மைக் கைவிட மாட்டார் என்று இருட்டிலும் காத்திருப்பது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொள்வது எதிர்நோக்கு ஆகாது. நல்லபடியாக முடியாத வீடுகளிலும் எதிர்நோக்கு இருக்கிறது. அங்கே அது எப்படி வருகிறது? பெரும்பாலும் மனிதர்களின் கால்களில்தான் நடந்து வருகிறது. அதை நான் கற்றுக்கொண்டது ஒக்கி நடந்து ஒன்பது மாதம்கூட ஆகாத ஒரு நேரத்தில், அதே கடற்கரையில்.

2018 ஆகஸ்ட் மாதம் கேரளத்தில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். 1924க்குப் பிறகு அங்கே அப்படி ஒரு வெள்ளம் வந்ததில்லை. இடுக்கி அணையின் மதகுகளை 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தார்கள். பம்பை, பெரியாறு, சாலக்குடி ஆறு என்று எல்லாமே கரை மீறின. 480க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் முகாம்களில் இருந்தார்கள். செங்கன்னூர், ஆரன்முளை, ஆலுவா பகுதிகளில் மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று, கைப்பேசியில் சார்ஜ் தீரும் முன் யாரையாவது கூப்பிட்டுவிட வேண்டும் என்று தவித்தார்கள். இராணுவமும் கடற்படையும் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனால் தண்ணீரில் மூழ்கிய சந்து பொந்துகளில் இருந்த வீடுகளுக்கு யார் போவது?

கடற்கரையில் இருந்து மீனவர்கள் போனார்கள். விழிஞ்ஞம், பூந்துறை, நீண்டகரை, ஆலப்புழை என்று பல ஊர்களிலிருந்து ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றினார்கள். என்ஜினையும் மண்ணெண்ணெயையும் எடுத்துக்கொண்டார்கள். விழிஞ்ஞத்திலிருந்து செங்கன்னூர் 100 கிலோமீட்டருக்கு மேல். பலர் அதற்கு முன் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அந்தந்த ஊர் இளைஞர்கள் படகின் முன்னால் உட்கார்ந்து, இங்கே மதில் இருக்கிறது, அங்கே மின்கம்பி இருக்கிறது என்று வழி சொன்னார்கள். கடலில் அலையைப் பார்த்து ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, தண்ணீருக்கு அடியில் மறைந்திருந்த மதிலும் கேட்டும் புதிது. படகின் அடிப்பாகம் கிழிந்தது, என்ஜின் உடைந்தது. அப்படியும் விடவில்லை. ஏறக்குறைய 670 படகுகளில் 4,500க்கும் மேற்பட்ட மீனவர்கள் சேர்ந்து சுமார் 65,000 பேரைக் காப்பாற்றினார்கள் என்பது அரசு சொன்ன கணக்கு. மலப்புறத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து தன் முதுகையே படியாக்க, அதன்மேல் கால்வைத்துப் பெண்கள் படகில் ஏறிய காட்சியை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சீடரின் பாதங்களைக் கழுவக் குனிந்த ஆண்டவர் என் நினைவுக்கு வந்தார்.

கேரள முதல்வர் அவர்களை மாநிலத்தின் சொந்தப் படை என்று பாராட்டினார். படகு ஒன்றுக்கு நாளுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று மீனவர்கள் பலர் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் தொழிலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் இவர்கள்.

இவர்கள் யார்? ஒன்பது மாதங்களுக்கு முன் தங்கள் சொந்தங்களைக் கடலில் தேடியவர்கள். ஒக்கியின்போது அரசின் தேடுதல் போதவில்லை என்று, தாங்களே படகெடுத்துப் போய்த் தேடிய ஊர்கள் இவை. உதவி வருமா வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேதனை என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு நண்பரைப் பார்க்கப் போனேன். அந்தத் தாயின் வீட்டுக்கும் போனோம். அவருடைய இளைய மகன் படகோடு செங்கன்னூர் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பியிருந்தான். "தண்ணீர் என்றாலே பயமாக இருந்திருக்குமே, எப்படியம்மா அனுப்பினீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அன்னைக்கு எம் பிள்ளைய தேடி ஒருத்தரும் வரலியேன்னு நான் அழுதேன் சாமி. அங்கேயும் ஒரு அம்மா அழுதுட்டு இருப்பாள்ல?"

சகோதர சகோதரிகளே, இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இந்த உதவி நடக்க வேண்டும் என்பதற்காகக் கடவுள் முதலில் அந்தத் துயரத்தை அனுப்பினார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மகனை இழந்த தாயை மறுபடியும் காயப்படுத்துவோம். அந்த இழப்பு இழப்புதான். அதற்கு ஈடு இல்லை. நான் சொல்வது இதுதான்: துயரத்தால் அவருடைய இதயத்தை மூட முடியவில்லை. அப்படி மூடவிடாமல் காத்தவர் தூய ஆவியார் என்று நான் நம்புகிறேன். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தைத் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறார். கடவுள் நமக்கு வேதனையில் தரும் ஆறுதல் நம்மோடு நின்றுவிடுவதற்கு அல்ல, வேதனைப்படும் இன்னொருவருக்கு நாம் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு.

இந்த உதவிக்கு மத வேலியும் இல்லை. நல்ல சமாரியரின் கதையில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவியது அவருடைய சாதிக்காரரும் மதத்தவரும் அல்ல, அந்நியர் ஒருவர். 2018இல் பக்ரீத் ஆகஸ்ட் 22 அன்று வந்தது. திருச்சூர் மாவட்டத்தில் ஓர் ஊரில் பள்ளிவாசல் தண்ணீரில் இருந்ததால், தொழுகைக்காகக் கோவில் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். படகில் ஏற்றும்போதும் யாரும் யாருடைய மதத்தையும் சாதியையும் கேட்கவில்லை.

அந்தச் சமாரியரிடம் இன்னொன்றும் கற்க வேண்டும். காயத்துக்குக் கட்டுப்போட்டதோடு அவர் போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்தார். அது இரண்டு நாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்குக் கொடுத்தார். முதல் நாள் உதவ ஆயிரம் பேர் வருவார்கள். தொலைக்காட்சி கேமரா போன பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. கேரளத்தில் வெள்ளம் வடிந்தபின் வீடுகளில் முழங்கால் அளவு சேறு, அதில் பாம்பு, கெட்டுப்போன கிணறு, பிறகு எலிக்காய்ச்சல். குட்டநாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் போய் வீடுகளைக் கழுவிக் கொடுத்தார்கள். அதுவும் படகு ஓட்டியதற்குச் சமமான சேவைதான்.

உதவி திரும்பியும் வரும். அதே ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் டெல்டா மாவட்டங்களைச் சாய்த்தது. தென்னையும் மின்கம்பமும் விழுந்து ஊர்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. அப்போது கேரள மின்வாரிய ஊழியர்கள் இங்கே வந்து, நம் ஊழியர்களோடு நின்று கம்பம் நட்டார்கள். மூன்று மாதங்களுக்கு முன்பு அவர்களே வெள்ளத்தில் கிடந்தவர்கள்.

நம் பங்கில் வெள்ளமும் புயலும் எப்போதாவதுதான் வரும். ஆனால் துக்கம் வாராவாரம் வருகிறது. விபத்து, புற்றுநோய், கடன், குடியால் சிதைந்த குடும்பம். அங்கே நாம் செய்யக்கூடியது மூன்று. முதலாவது, விளக்கம் சொல்லாமல் அருகில் உட்காருங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாதீர்கள். இரண்டாவது, கையில் இருப்பதைக் கொண்டு போங்கள். மீனவர்கள் தங்களிடம் இருந்த படகைக் கொண்டுபோனார்கள். உங்களிடம் ஆட்டோ இருக்கலாம், மருத்துவமனை விண்ணப்பம் நிரப்பத் தெரிந்திருக்கலாம், ஒரு வேளை சோறு பொங்க முடியலாம். மூன்றாவது, நாற்பதாம் நாளுக்குப் பிறகும் போங்கள். அன்பியக் கூட்டத்தில் அந்தக் குடும்பத்தின் பெயரை ஆறு மாதம் கழித்தும் சொல்லுங்கள். யார் போனார்கள், யார் போகவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'என்ன பாவம் செஞ்சான்?' என்ற கேள்விக்கு இன்று பதில் சொல்வேன்: ஒரு பாவமும் செய்யவில்லை அம்மா. ஏன் நடந்தது என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. அதை ஒரு நாள் ஆண்டவர் முன்னிலையில் நாம் எல்லாரும் சேர்ந்து கேட்போம். சிலுவையில் தொங்கியபோது அவரும் தந்தையிடம் 'ஏன்' என்று கேட்டவர்தான். அதுவரை, அழுகிற வீட்டுக்குப் படகை அவிழ்த்துக்கொண்டு போகும் மனதை அவர் நமக்குத் தருவாராக.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.