கணனி சொல்வதை முதலில் வாசிப்போம்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிவுக்கு வந்தது. புதிய விண்டோஸ் ஏறாத கணனிகளைப் பலர் குப்பைக்கு அனுப்புகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கக்கூடியவை. ஜேர்மனியில் எங்கள் நகரத்துத் தமிழ்ப் பாடசாலையில் அப்படியான நான்கு பழைய கணனிகள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்பவர்கள், தொழிற்சாலைகளில் மூன்று ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யும் நாங்கள் சில பேர். எங்களில் ஒருவரும் பல்கலைக்கழகப் படி மிதித்தவரில்லை. சிலர் ஓ.எல். பரீட்சையோடும், சிலர் போர் காரணமாக அதற்கு முன்னரும் படிப்பை விட்டவர்கள்.

இந்தக் கணனிகளுக்குள் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், பரீட்சைப் புள்ளிகள், வெளிநாட்டவர் காரியாலயத்துக்குக் கொடுக்க மொழிபெயர்த்த பிறப்புச் சான்றிதழ்கள், வழக்கறிஞருக்கு எழுதிய கடிதங்கள், ஊரில் காலமானவர்களின் படங்கள் எல்லாம் இருக்கின்றன. சிலவற்றின் மூலப் பிரதிகள் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டன. இங்கே இருப்பது மட்டும்தான் மிச்சம்.

கணனி ஒரு நாள் அடம்பிடித்தால், "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்துங்கோ, சரிவரும்" என்று யாராவது சொல்வார்கள். கணனி சரிவரும்தான். உள்ளே இருந்தவை திரும்பி வரமாட்டா. அழிக்காமல் திருத்துவது எப்படி என்று நாங்கள் அறிந்துகொண்டவற்றை எம்மவருக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

பிழையைச் சொல்லும் இயந்திரம்

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கியது யூனிக்ஸ். அதே வழியில் 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ். இந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பிழை நடந்தால் பெரும்பாலும் ஒரு வசனத்தில் சொல்லிவிடும். சொன்னதை ஒரு பதிவேட்டிலும் எழுதிவைக்கும்.

தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் அனுபவமுள்ள திருத்துனர் உடனே மூடியைக் கழற்றமாட்டார். எந்த விளக்கு எரிகிறது, எந்த எண் தெரிகிறது என்று முதலில் பார்ப்பார். காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தால் நாங்களும் அப்படித்தானே? பயந்து கிழித்துப் போடுவதில்லை. திகதி என்ன, என்ன கேட்கிறார்கள் என்று அகராதியை வைத்துக்கொண்டாவது கடைசி வரி வரை வாசிக்கிறோம். கணனிக்கும் அதே பொறுமை போதும்.

பதிவேட்டைப் பார்க்க, ஜேர்னல் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, டி, எல் என்ற எழுத்துகளை ஒட்டித் தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடும் பி எழுத்தும் போட்டால், கடைசியாக இயக்கிய நேரத்திலிருந்து நடந்தவை தெரியும். செய்தி டொச்சில் வந்து விளங்காவிட்டால், கட்டளைக்கு முன்னால் பெரிய எழுத்தில் எல், சி, கீழ்க்கோடு, ஏ, எல், எல், சமன் குறி, சி என்று தட்டி ஓர் இடைவெளி விடுங்கள். அந்தக் கட்டளையின் செய்தி ஆங்கிலத்தில் வரும். உதவி தேடவும் ஆங்கில வசனமே இலகு. மற்றக் கட்டளைகளை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே தட்டவேண்டும்.

வட்டு நிரம்பினால்

கடவுச்சொல் சரி, ஆனாலும் திரை ஒருமுறை கறுத்துவிட்டுத் திரும்பவும் கடவுச்சொல் கேட்கிறது. பலர் இதைக் கண்டதும் கணனி செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். வட்டில் இடம் இல்லாமல் போவது இதற்கு ஒரு பொதுவான காரணம். உள்ளே நுழையும்போது சில சிறு கோப்புகளை எழுதவேண்டும். எழுத இடமில்லாததால் வெளியே தள்ளிவிடுகிறது.

கொன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 விசைகளை ஒன்றாக அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வரும். டொச் விசைப்பலகையில் கொன்ட்ரோல் விசையின் மேல் எஸ், டி, ஆர், ஜி என்று இருக்கும். அந்தத் திரையில் நுழைந்து டி, எஃப், இடைவெளி, சிறுகோடு, எச் என்று தட்டுங்கள். எந்தப் பகுதி 100 வீதம் நிரம்பியிருக்கிறது என்று ஒரு பட்டியல் காட்டும். எந்த அடைவு அதிக இடம் பிடிக்கிறது என்று அறிய டி, யு, இடைவெளி, சிறுகோடு, எஸ், எச், அதன்பின் அடைவின் பெயர்.

சொந்தக் கோப்புகளில் கை வைக்கத் தேவையில்லை. டெபியன், உபுண்டு வகைகளில் ஏ, பி, டி என்ற கட்டளையுடன் கிளீன் என்ற சொல்லைக் கொடுத்தால், இறக்கி வைத்த பழைய பொதிகள் போகும். ஓட்டோரிமூவ் என்று கொடுத்தால் தேவையற்றுப்போன பழைய கேர்னல்களும் போகும். இரண்டுக்கும் முன்னால் சுடோ வேண்டும்.

இரண்டு விநோதங்களையும் அறிந்திருங்கள். பெரிய கோப்பை அழித்த பின்பும் இடம் கூடாவிட்டால், ஏதோ ஒரு செயலி அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அந்தச் செயலியை நிறுத்தினால் இடம் வெளியாகும். இடம் இருந்தும் இடமில்லை என்று சொன்னால், டி, எஃப், இடைவெளி, சிறுகோடு, ஐ என்று பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. இலட்சக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகள் சேர்ந்தால் அதுவும் முடிந்துபோகும்.

அனுமதி இல்லை என்றால்

ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பு. ஒவ்வொரு தரப்புக்கும் வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று எண் உண்டு. அவற்றைக் கூட்டினால் வருவதுதான் அந்தத் தரப்பின் அனுமதி.

கோபத்தில் பலர் 777 என்று கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு, எல்லோரும் வாசிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று பொருள். வீட்டுத் திறப்பைத் தெருவில் தொங்கவிடுவது போன்ற வேலை இது. ஒரு குடும்பத்தின் அகதி விண்ணப்பம் அதே கணனியில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். 640 கொடுத்தால் உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம், குழு வாசிக்க மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பாடசாலைப் பட்டியலுக்கு அது போதும். சுடோ மூலம் பிரதி செய்த கோப்புகள் ரூட்டின் பெயரில் நிற்பதுதான் பெரும்பாலும் சிக்கல். சி, எச் எழுத்துகளோடு ஓன் என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டிய கட்டளையால் உரிமையாளரை மாற்றினால் போதும்.

கடவுச்சொல் பிழை என்றால்

டொச் விசைப்பலகையில் வை எழுத்தும் இசட் எழுத்தும் இடம் மாறி இருக்கும். கணனி விசைப்பலகையை அமெரிக்க முறையில் நினைத்துக்கொண்டால், சரியான கடவுச்சொல்லும் பிழையாகும். யு.எஸ்.பி. குச்சியிலிருந்து தொடங்கும்போது இது அடிக்கடி நடக்கும். பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது, பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டி எழுத்துகள் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள். என்டர் அழுத்தாமல் அழித்துவிடுங்கள். அழுத்தினால் அது பெயர் என்று பதிவேட்டில் ஏறிவிடும்.

மணிக்கூடு பிழைத்தால்

ஒரு நாள் எந்த இணையத்தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பற்றது என்று வந்தால், முதலில் திகதியைப் பாருங்கள். பழைய கணனிகளில் தாய்ப்பலகையில் உள்ள சிறிய பற்றறி தீர்ந்து, திகதி பல வருடம் பின்னால் போய்விடும். இணையத்தளங்களின் சான்றிதழ்களுக்கும் காலவரையறை உண்டு. பின்னால் போன கணனிக்கு அவை இன்னும் தொடங்காத சான்றிதழ்கள். மென்பொருள் புதுப்பித்தலும் அதே காரணத்தால் மறுக்கப்படும். பெரும்பாலான மேசைக் கணனிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பற்றறி. எந்தப் பல்பொருள் அங்காடியிலும் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள்.

இணையம் வராவிட்டால்

படிப்படியாகத் தேடவேண்டும். ஐ.பி. என்ற கட்டளையோடு ரூட் என்ற சொல்லை (ஆர், ஓ, யு, டி, ஈ) கொடுத்தால், டிஃபோல்ட் என்று தொடங்கும் வரியில் வீட்டு ரூட்டரின் எண் இருக்கும். முதலில் அந்த எண்ணுக்குப் பிங் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பிழை வீட்டுக்குள்ளே, வயரில் அல்லது வைஃபையில். பதில் வந்தால் 9.9.9.9 என்ற வெளி எண்ணுக்குக் கொடுங்கள். அங்கே நின்றால் பெரும்பாலும் பிழை ரூட்டருக்கு வெளியே. அதுவும் பதில் தந்து, பெயர் கொடுத்தால் மட்டும் வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். சேவையில் கோளாறு. இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத் தொலைபேசி நிறுவனத்துக்கு எடுத்தால், கதைப்பது எளிது. பிங்கை நிறுத்த கொன்ட்ரோலும் சி எழுத்தும்.

உறைந்து நின்றால்

கணனி முழுவதும் நின்றது போலிருந்தாலும் பெரும்பாலும் ஒரு செயலிதான் சிக்கியிருக்கும். டொப் என்ற கட்டளை எது அதிகம் வேலை வாங்குகிறது என்று காட்டும். அதன் எண்ணைக் கில் கட்டளைக்குக் கொடுங்கள். வெறும் கில், "தயவுசெய்து முடித்துக்கொள்" என்று 15ஆம் இலக்கச் சைகையை அனுப்பும். செயலிக்குத் தன் கோப்பைச் சேமிக்க ஓர் அவகாசம் உண்டு. 9ஆம் இலக்கம் அவகாசம் கொடுக்காமல் வெட்டிவிடும். எப்போதும் முதலில் 15, கொஞ்சம் பொறுத்து, கடைசியாக 9.

வாசிக்க மட்டும் என்றால் கவனம்

மேலே சொன்னவை எல்லாம் ஆறுதலாகத் திருத்தக்கூடியவை. இது அப்படியல்ல. ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம் என்ற செய்தி திடீரென வந்தால், வட்டில் பிழை கண்டு, மேலும் கெடாமல் இருக்க லினக்ஸ் தானே எழுதுவதை நிறுத்தியிருக்கலாம். வட்டு சாகத் தொடங்கியிருக்கக்கூடும். உடனே முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டுக்குப் பிரதி செய்யுங்கள். அதன் பின்னர்தான் எஃப், எஸ், சி, கே என்ற திருத்தும் கட்டளை. அதையும் இணைத்துப் பாவனையில் உள்ள பகுதியில் ஓட்டக்கூடாது. யு.எஸ்.பி. குச்சியிலிருந்து கணனியைத் தொடங்கி ஓட்டவேண்டும்.

பாமினியில் எழுதிய பழைய கோப்புகள்

எம்மவருக்கே உரிய ஒரு பிரச்சினை இது. 1990களில் புலம்பெயர்ந்த தமிழர் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். எங்கள் பாடசாலையின் பழைய கோப்புகளைத் திறந்த ஒருவர், வைரஸ் பிடித்து எல்லாம் குப்பையாகிவிட்டது, அழித்துவிடுவோம் என்றார். நாங்கள் விடவில்லை. வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் ஃபொன்ட்ஸ் அடைவை உண்டாக்கி, பாமினிக் கோப்பை அதற்குள் வைத்து, எஃப், சி, சிறுகோடு, கேஷ் (சி, ஏ, சி, எச், ஈ) என்ற கட்டளையை இயக்கியதும், ஆரம்ப கால மாணவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தமிழில் எழும்பி வந்தன. அந்தப் பட்டியலில் இருந்த சிலரின் பிள்ளைகள் இப்போது அதே பாடசாலையில் அரிவரி படிக்கிறார்கள். இப்படியான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிச் சேமியுங்கள். மூலத்தையும் வைத்திருங்கள்.

ஒரு கொப்பி, இரண்டு பிரதி

எங்கள் கணனி அறையில் ஒரு சாதாரணக் கொப்பி கட்டித் தொங்குகிறது. திகதி, வந்த செய்தி சொல்லுக்குச் சொல், செய்த காரியம், கிடைத்த பலன் என்று நான்கு நிரல்கள். இரவு ஷிப்ட் முடித்து வருபவர், பகல் ஷிப்ட்டுக்குப் போனவரைத் தொலைபேசியில் எழுப்பாமலே வேலையைத் தொடரலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பலிக்காவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்தது.

கோப்புகளுக்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்று பாடசாலை அலுமாரியில், மற்றது வேறொருவர் வீட்டில். மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியை நம்பமுடியாது. ரூட் கடவுச்சொல் ஒட்டிய கடித உறையில் நிர்வாகியிடம் இருக்கிறது. வேலை மாறி ஒருவர் வேறு நகரத்துக்குப் போனாலும் பாடசாலை முடங்காது.

உங்கள் நகரத்துப் பாடசாலையிலும் வாசிகசாலையிலும் இந்த வேலை ஒருவர் தலையில் மட்டும் கிடக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். கிடந்தால் அடுத்த சனிக்கிழமை இன்னொருவரையும், ஆர்வமுள்ள ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் அருகில் இருத்துங்கள். டி, எஃப் கட்டளையிலிருந்து தொடங்கிக் கொடுங்கள். கொப்பியை அந்தப் பிள்ளையே எழுதட்டும்.