விபிஎஸ் வாங்கியாச்சு, பேனல் வேணுமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் பூலாம்பாடியில் இருக்கிற என் சித்தப்பா பையன். ஒரு நாள் ராத்திரி போன் பண்ணான். "ண்ணே, விபிஎஸ் வாங்கிட்டேன். உள்ள போனா வெறும் கருப்பு ஸ்க்ரீன்தான் இருக்கு. பேனல் ஒண்ணு போடணுமா, இப்படியே ஓட்டலாமா?"

அவன் கையில் நாலு வெப்சைட் இருக்கு. அதுல ஒண்ணு பக்கத்து ஊர் அரும்பாவூரில் இருக்கிற ஒரு மரச்சிற்பப் பட்டறையோடது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின அதே அரும்பாவூர்தான். வெளியூர் ஆர்டர் அந்த சைட் வழியா வருது. அது படுத்தா ஒருத்தரோட வியாபாரம் படுத்துடும்.

முதல்ல ஒரு விஷயம். ஷேர்டு ஹோஸ்டிங்ங்கிறது மேன்ஷன் ரூம் மாதிரி, தண்ணி வரலைன்னா மேனேஜரைக் கூப்பிடலாம். விபிஎஸ் தனி வீடு. மோட்டார் போடறதும் நாமதான், கதவைப் பூட்டறதும் நாமதான். கண்ட்ரோல் பேனல் இந்த வேலைகளை பிரவுசரில் பட்டன்களா மாத்தித் தருது: புது டொமைன் சேர்க்க, டேட்டாபேஸ் உருவாக்க, எஸ்எஸ்எல் போட, பேக்கப் எடுக்க. எல்லாருக்கும் தெரிஞ்ச சிபேனல் 1996-ல் தொடங்கினது.

அதையே போட்டுடலாமேன்னு கேட்டான். ரெண்டு தடை. அவன் வாங்கினது 1 ஜிபி ரேம். சிபேனலுக்கு குறைஞ்சது 2 ஜிபி வேணும். அடுத்தது காசு. 2019 ஜூனில் அவங்க லைசென்ஸ் முறையை மாத்தினாங்க. அதுவரைக்கும் ஒரு சர்வருக்கு ஒரு விலை. அதுக்கப்புறம் உள்ளே எத்தனை அக்கவுண்ட் இருக்கோ அதுக்குத் தகுந்த விலை. சின்ன ஹோஸ்டிங் நடத்துறவங்க பலர் அப்போதான் வேற பேனல் தேட ஆரம்பிச்சாங்க.

ஆனா எனக்குக் காசை விடப் பெரிய கவலை வேற. பேனல்ங்கிறது ரூட் அதிகாரத்தோட ஓடற ஒரு வெப் அப்ளிகேஷன். அதாவது உங்க வீட்டுக்கு இன்னொரு வாசல். 2024 அக்டோபர் கடைசியில் சைபர்பேனல்ங்கிற இலவச பேனலில் ஒரு ஓட்டை வெளியே தெரிஞ்சது. லாகின் பண்ணாமலே யார் வேணா ரூட் ஆகலாம். அந்த ஓட்டையோட இணையத்தில் திறந்து கிடந்த சர்வர்கள் சுமார் 22,000. சில நாளிலேயே ரான்சம்வேர் உள்ள புகுந்து ஃபைல்களைப் பூட்டிடுச்சு. அந்த சர்வர்காரங்களில் பெரும்பாலானவங்க எந்தத் தப்பும் பண்ணலை, பேனலோட போர்ட்டை உலகத்துக்கே திறந்து வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான்.

அப்போ பேனலே வேண்டாமா? ஒரே ஒரு சைட், அதைப் பார்த்துக்கிறது நீங்க மட்டும்னா, நிச்சயமா வேண்டாம். என்ஜினிக்ஸ், மரியாடிபி, பிஹெச்பி, சான்றிதழைத் தானா புதுப்பிக்க செர்ட்பாட். ஒரு ஞாயித்துக்கிழமையில் கத்துக்கலாம். "பட்டறைக்காரர் அவரே போட்டோ ஏத்தணும்ங்கிறாருண்ணே"ன்னான். அதுக்கு வேர்ட்பிரஸ் லாகின் போதும்டா, சர்வர் பேனல் எதுக்கு? இந்த ரெண்டையும் குழப்பிக்கிறவங்க நிறைய பேர்.

மெயிலுக்காகப் பேனல் போடறவங்களும் உண்டு. நான் அதைச் சொல்ல மாட்டேன். பல விபிஎஸ் நிறுவனங்கள் 25-ஆம் போர்ட்டை மூடித்தான் தர்றாங்க. திறந்து வாங்கினாலும் உங்க மெயில் ஸ்பாமில் விழாம இருக்கும்னு உத்தரவாதம் இல்லை. மெயிலைத் தனியா ஒரு சேவையில் வெச்சுக்கிட்டா நிம்மதி.

இவ்வளவும் சொல்லி, பேனல் வேண்டாம்னு முடிக்கப் போனேன். அப்போதான் மெதுவா சொன்னான்: "அடுத்த வருஷம் மலேசியா போலாம்னு இருக்கேன்ணே. நான் போனா இதை என் ஃப்ரெண்டுதான் பாத்துக்கணும். அவனுக்கு கமாண்ட் லைன் தெரியாது."

கேள்வியே மாறிப் போச்சு. ராத்திரி சைட் படுத்தா எழுந்திருக்கப் போறது யாருன்னு முதல்லயே கேட்டிருக்கணும். இவன் மட்டும் பாத்துக்கறதுன்னா கருப்பு ஸ்க்ரீன் போதும். அடுத்தவர் கைக்குப் போகப் போற சர்வருக்கு பட்டன்கள் வேணும்.

கடைசியில் ஹெஸ்டியா போட்டான். இலவசம், 1 ஜிபியில் ஓடும், இன்ஸ்டால் பண்ணும்போதே மெயில் பகுதியை விட்டுடலாம். அதோட 8083 போர்ட்டை ஃபயர்வாலில் வெளியாட்களுக்கு மூடிட்டான். பேனலைத் திறக்கணும்னா முதல்ல எஸ்எஸ்ஹெச் டனல் போட்டுத்தான் உள்ள வர முடியும். பேக்கப் அதே சர்வரில் கிடக்காம தினமும் வேற இடத்துக்குப் போகுது. இப்போ வாராவாரம் அந்த ஃப்ரெண்டை உட்கார வெச்சு, ஒரு பேக்கப்பை எடுத்துத் திரும்ப ஏத்திக் காட்டச் சொல்றான். முதல் வாரம் அவனுக்கு வரலை. ரெண்டாவது வாரம் முக்கால் மணி நேரம் ஆச்சாம்.