கண்ணாடி அறைக்குள் இருந்து ஒரு குரல்!

2015 டிசம்பர் 12. பாரிஸ் நகரை ஒட்டிய லே புர்ஜேயில் பருவநிலை மாநாடு. இரண்டு வாரம் இரவு பகலாகப் பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர, கிட்டத்தட்ட 200 நாடுகளின் பிரதிநிதிகள் காத்திருந்தார்கள். ஆனால், கூட்டம் தொடங்குவது தள்ளிக்கொண்டே போனது.

காரணம், ஒரே ஒரு சொல்.

உமிழ்வைக் குறைப்பதில் வளர்ந்த நாடுகள் முன்னணியில் நிற்பது பற்றிய வரியில் 'ஷல்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. அது 'ஷுட்' என்று இருக்க வேண்டும் என்றது அமெரிக்கா. முதல் சொல் சட்டப்படி கட்டாயம். இரண்டாவது, செய்வது நல்லது என்ற அளவில் நிற்கும். கட்டாயம் என்றால், அமெரிக்க செனட் சபையின் ஒப்புதல் வேண்டியிருக்கும். அங்கே அது கிடைக்கும் வாய்ப்பு இல்லை. கடைசியில், எழுத்துப் பிழைகளைத் திருத்துவதுபோல அந்தச் சொல்லும் மாற்றி வாசிக்கப்பட்டது. ஒப்பந்தம் நிறைவேறியது.

தமிழில் இரண்டையுமே 'செய்ய வேண்டும்' என்று சொல்லிவிட முடியும். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. இப்படிப்பட்ட சொற்களை, யோசிக்க அவகாசமே இல்லாமல், இன்னொரு மொழியில் உடனுக்குடன் சொல்வதுதான் இன்டர்ப்ரெட்டர்களின் வேலை.

அரை மணி நேர ஓட்டம்

எழுத்தை மொழிபெயர்ப்பவருக்கு அகராதியைப் புரட்ட நேரம் உண்டு. இன்டர்ப்ரெட்டருக்கு அது கிடையாது. ஒரு காதில் கேட்டுக்கொண்டே வாயால் பேச வேண்டும். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது காதில் விழுந்துகொண்டிருக்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1945-ல் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணையில்தான் இந்த முறை பெரிய அளவில் பயன்பட்டது.

ஐ.நா-வின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். மண்டபத்தின் ஓரத்தில் ஒவ்வொரு மொழிக்கும் வெளிச்சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறை. ஆறு மொழியிலும் ஒரு கூட்டம் நடந்தால், பொதுவாக 14 இன்டர்ப்ரெட்டர்கள் தேவை. அரபு, சீன அறைகளில் மும்மூன்று பேர். மற்றவற்றில் இரண்டிரண்டு பேர்.

மூளை களைத்துவிடும் என்பதால், ஒருவர் சுமார் அரை மணி நேரம்தான் தொடர்ந்து பேசுவார். பிறகு பக்கத்தில் இருப்பவர் தொடர்வார். அதுவரை அவரும் சும்மா இருப்பதில்லை. பேச்சில் வரும் எண்களையும் பெயர்களையும் தாளில் எழுதி, பேசுபவரின் கண்ணில் படும்படி நகர்த்துவார். ஒரு டிகிரியா, ஒன்றரை டிகிரியா என்பதில் தடுமாறக் கூடாது அல்லவா? இருமல் வந்தால் மைக்கை ஒரு நொடி நிறுத்துவதற்கென்றே ஒரு பொத்தானும் உண்டு.

இன்னொரு விதி. 'அவர் எதிர்க்கிறார்' என்று சொல்லக் கூடாது. 'நாங்கள் எதிர்க்கிறோம்' என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணெய் விற்கும் நாட்டின் பிரதிநிதி பேசும்போதும் அதே குரல்தான். அடுத்து, கடல் மட்டம் உயர்ந்து தன் தீவு மூழ்குகிறது என்று ஒருவர் சொல்லும்போதும் அதே குரல்தான். சொந்தக் கருத்து எதுவும் குரலில் கசியக் கூடாது.

மின்சாரமா, ஆற்றலா?

இந்தத் துறையில் பொதுவான மொழியறிவு மட்டும் போதாது. ஓர் உதாரணம். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி இந்தியில் பேசினார். ஐ.நா கூட்டங்களில் அலுவல் மொழி அல்லாத ஒரு மொழியில் பேசினால், அதை மாற்றிச் சொல்லும் ஏற்பாட்டை அந்த நாடே செய்துகொள்ள வேண்டும். 2030-க்குள் இந்தியா தன் 'ஆற்றல் தேவை'யில் 50 சதவிகிதத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெறும் என்பது அந்த உரையில் இருந்த அறிவிப்பு. 2022 ஆகஸ்டில் ஐ.நா-வுக்கு இந்தியா அளித்த திட்டத்திலோ, 'நிறுவப்பட்ட மின் உற்பத்தித் திறனில்' சுமார் 50 சதவிகிதம், அதுவும் நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளில் என்று இருந்தது.

இரண்டும் ஒன்றல்ல. ஆற்றல் என்றால் பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு எல்லாம் அடங்கும். மின்சாரம் அதில் ஒரு பகுதி மட்டுமே. நிறுவு திறன் என்பது இன்னும் வேறு. கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தலில் இருக்கும் ஒரு காற்றாலை, ஆடிக் காற்றில் சுழன்றாலும் காற்றில்லாத நாளில் சும்மா நின்றாலும், அதன் நிறுவு திறன் ஒன்றுதான். கிடைக்கும் மின்சாரம்தான் மாறும். இந்த மூன்றையும் குழப்பினால், ஒரு நாடு தராத வாக்குறுதியைத் தந்ததாக உலகம் நினைத்துக்கொள்ளும்.

அதனால்தான் மாநாட்டுக்குப் பல நாள்களுக்கு முன்பே ஆவணங்களைப் படித்து, சொற்பட்டியல் தயாரிக்கிறார்கள் இன்டர்ப்ரெட்டர்கள். பருவநிலை மாற்றத்தால் ஏற்படும் 'இழப்பும் சேதமும்' பற்றிய பேச்சில், சேதத்துக்குப் பிரெஞ்சில் நேரடியான சொல் இருக்கிறது. ஆனால், ஐ.நா ஆவணங்களில் 'ப்ரெஜுடிஸ்' என்ற, சட்டத்தில் புழங்கும் சொல்லே நிலைத்துவிட்டது. அறைக்குள் இருப்பவர் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அறை காலியான பிறகு...

இவ்வளவு ஏற்பாடும் பெரிய மண்டபத்துக்குத்தான். வரிவரியாகப் பேரம் நடக்கும் சின்னச் சின்ன கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கின்றன. அங்கே இன்டர்ப்ரெட்டர் கிடையாது. பெரிய மண்டபத்திலும் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. கூட்டம் நள்ளிரவைத் தாண்டினால், அவர்கள் எழுந்து போன பிறகு ஆங்கிலத்திலேயே தொடர்வதும் நடக்கிறது.

சிக்கல் என்னவென்றால், முக்கியமான சொற்கள் கடைசி நேரத்தில்தான் மாறுகின்றன. 2011-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநாட்டில், டிசம்பர் 11 அதிகாலை, இந்தியாவின் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோனி ஹெடகார்டும் மண்டபத்தின் நடுவிலேயே கூட்டமாக நின்று வாதாடினார்கள். 'சட்டப்பூர்வ விளைவு' என்பது 'சட்ட வலிமையுள்ள ஒப்புக்கொண்ட விளைவு' என்று மாறிய பிறகே முடிவு வந்தது. நின்றபடி நடந்த அந்தப் பேச்சுக்கு எந்த இயர்போனும் இல்லை.

2021-ல் கிளாஸ்கோவின் கடைசி நாளிலும் அப்படித்தான். நிலக்கரி மின்சாரத்தை 'படிப்படியாகக் கைவிடுவது' என்றிருந்தது, 'படிப்படியாகக் குறைப்பது' என்று ஆனது. தலைமை வகித்த அலோக் சர்மா கண் கலங்கி மன்னிப்புக் கேட்டார். கைவிட முடியாததற்கு இந்தியாவுக்குக் காரணங்கள் இருந்தன. கடல் விழுங்கும் தீவு நாடுகளுக்கு வருத்தமும் இருந்தது. இரண்டு பக்கத்தையும் எல்லோரும் புரிந்துகொண்டுதான் முடிவு எடுக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத ஓர் ஆப்பிரிக்கப் பிரதிநிதி, தன் நாட்டின் மழையையும் விளைச்சலையும் பாதிக்கும் வரியை அரைகுறையாகப் புரிந்துகொண்டு தலையாட்ட நேர்ந்தால், அந்த ஒப்புதலுக்கு என்ன மதிப்பு?

தாய்மொழிதான் முதல் தகுதி

இந்த வேலைக்குப் போட்டித் தேர்வுகளை நடத்துகிறது ஐ.நா. மூன்று மொழிகளாவது தெரிந்தவர்களே பெரும்பாலும் உள்ளே வருகிறார்கள். ஆனால், பெரும்பாலான அறைகளில் ஒருவர் பல மொழிகளைக் கேட்டுத் தன் தாய்மொழியில்தான் பேசுவார். எனவே, எத்தனை மொழி தெரியும் என்பதோடு, சொந்த மொழி எவ்வளவு ஆழமாகத் தெரியும் என்பதும் முக்கியம்.

நம் நாடாளுமன்றத்திலும் ஓர் உறுப்பினர் தமிழில் பேசினால், மற்றவர்கள் இயர்போனில் வேறு மொழியில் கேட்க முடிகிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'இந்தத் திட்டத்தை நாங்கள்...' என்று தொடங்கியவர் ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா என்று தெரிய வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த வாக்கியத்தை மனதில் சுமந்தபடி காத்திருப்பார், கண்ணாடி அறைக்குள் இருக்கும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்.