வீடியோ காலில் தெரியாத வாய்ப்புண்

லண்டன் வந்து பதினொரு வருஷம் ஆச்சு. ஞாயிறு தவறாமல் அம்மாவோடு வீடியோ கால். "இளைச்சுட்டியேடா" என்பார் அம்மா. நானும் அவர் முகத்தைப் பார்ப்பேன். வாய்க்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா குழம்பைத் தொடாமல் மூன்று வேளையும் தயிர்சாதமே சாப்பிட்டார். கேட்டால், "வாய்ப்புண்ணுதாண்டா, சூடு. மணத்தக்காளிக் கீரை தின்னா ஆறிடும்" என்றார். எத்தனை நாளா? நாலு மாசமாம்! மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தேன். வழக்கமாக வெற்றிலையை அடக்கி வைக்கும் இடது கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு, நடுவே சிவப்பு.

டாக்டர் பார்த்ததுமே பயாப்சிக்கு எழுதினார். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. நல்லவேளை, புற்றுநோய் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய நிலை. அந்தத் திட்டை வெட்டி எடுத்தார்கள். வெற்றிலைப் பெட்டி பரணுக்குப் போனது.

ஐ.டி. ஆசாமி அல்லவா, இதற்கு ஏதாவது ஆப் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். போனில் எடுத்த படத்தை வைத்து ஏ.ஐ. மூலம் கண்டுபிடிப்பது, எச்சிலைச் சோதிப்பது என ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ஆனால் இன்றும் உறுதி செய்வது பயாப்சிதான்.

என்னை அசர வைத்தது திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கிய ஓர் ஆய்வு. 13 பஞ்சாயத்துகள், 35 வயதைத் தாண்டிய சுமார் 1.9 லட்சம் பேர். அதில் 7 பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. 2005-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அளவுக்கு உறுதியான வித்தியாசம் இல்லை. ஆக, பழக்கம் உள்ளவர்களைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

"நான் புகையிலை போடலையே, வெறும் பாக்குதானே" என்பது அம்மாவின் வாதம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-லேயே சொல்லிவிட்டது. பாக்கு மெல்பவர்களுக்கு வாய் இறுகித் திறக்க முடியாமல் போகும் நோயை 1952-ல் ஒரு மருத்துவர் பதிவு செய்தார். யாரிடம் தெரியுமா? கென்யாவில் குடியேறிய இந்தியப் பெண்களிடம்! கடல் தாண்டினாலும் பாக்கு கூடவே வருகிறது. இங்கே ஈஸ்ட் ஹாம் கடைகளிலும் வெற்றிலை பாக்கு கிடைக்கிறது.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் முழுசாகத் திறக்காமை, கழுத்தில் கட்டி... இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். ஆரம்பத்தில் வலியே இருக்காது. "வலிக்கலையே" என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்த ஞாயிறு "சாப்டாச்சா" என்று கேட்டதும், "காரம் சாப்பிட முடியுதா?" என்றும் கேளுங்கள். ஊருக்குப் போனால் டார்ச் அடித்துப் பாருங்கள். ரெண்டு நிமிஷ வேலைதான்.

என் அம்மா இப்போதெல்லாம் கால் எடுத்ததும் "ஆ" என்று வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறார்.